மூன்றாவது பேட்டரி

"இது மூணாவது பேட்டரி, ஐயாவு அண்ணே. ஆறு மாசத்துல மூணு! இன்னிக்குக் காலையிலயும் நாலு பேரு தள்ளித்தான் ஸ்டார்ட் ஆச்சு."

ஜெயபாலன் தன் டட்சன் காரின் பானெட்டை ஓங்கித் தட்டினார். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பெரிய கிராணி, தலைமைக் கணக்கர். அவர் குரல் உயர்ந்தால் தோட்டத்து ஆபீசே எழுந்து நிற்கும்.

"எல்லாரும் ஆல்டர்னேட்டர் போச்சுங்கிறானுங்க. புதுசு ஒண்ணு மாட்டிருங்க லா."

"பாக்காம எதையும் மாட்ட மாட்டேன் சார்."

சொன்னது வயர்மேன் பத்துமலை. பட்டறை முதலாளி ஐயாவு பல்லைக் கடித்துக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவனுக்கு இதே வாய்தான்.

பத்துமலை இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரியில் மீட்டரை வைத்தான். பன்னிரண்டு வோல்ட். ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் வைத்தான். பதினைந்து.

"பாத்தீங்களா சார்? ஆல்டர்னேட்டர் நல்லாத்தான் இருக்கு. அது குடுக்கிற கரெண்டு பேட்டரிக்குப் போய்ச் சேரல. நடுவுல இருக்கிற வயர்லதான் கோளாறு."

வயரை விரலால் தடவிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நின்றான். சுற்றியிருந்த டேப்பைப் பிரித்தான். எப்போதோ யாரோ போட்ட ஒட்டு, பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது.

அரை மணி நேரத்தில் புது வயர் மாட்டி முடித்தான். இப்போது பேட்டரியிலும் பதினான்கு காட்டியது.

ஜெயபாலன் அசந்து போனார். "ஈப்போவுல நாலு பட்டறை ஏறி இறங்கிட்டேன், ஒருத்தனுக்கும் தெரியல. எங்க தம்பி வேல கத்துக்கிட்ட?"

"தைப்பிங்ல சார், பஸ் பட்டறையில பன்னெண்டு வருஷம். அப்புறம் ரெண்டு வருஷம் தஞ்சோங் ரம்புத்தான்ல இருந்தேன்."

"அங்க எந்தப் பட்டறை?"

"பட்டறை இல்ல சார். மனநோய் ஆஸ்பத்திரி. நோயாளியா இருந்தேன்."

ஐயாவு அவனை ஓரமாக இழுத்தார். "யாராச்சும் கேட்டா சிங்கப்பூர்னு சொல்லுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"ஏன் சொல்லணும் அண்ணே? நான் என்ன திருடிட்டா உள்ள போனேன்? ரெண்டு வருஷம் அங்க கெடந்து மனுசனா எழுந்து வந்திருக்கேன். அத மறைக்க மாட்டேன்."

ஜெயபாலனின் முகம் மாறிவிட்டது.

"தஞ்சோங் ரம்புத்தான் கேஸையா என் கார்ல கை வைக்க விட்டீங்க? பொண்டாட்டி புள்ளைங்க ஏறுற கார் லா இது!"

"சார், மீட்டர நீங்களே பாத்தீங்க..." என்று ஐயாவு இழுத்தார்.

"மீட்டரும் வேணாம், மண்ணும் வேணாம். இவன் மாட்டினத மொதல்ல எடுக்கச் சொல்லுங்க. எங்க பரம்பரையிலயே அந்த ஆஸ்பத்திரி வாசல மிதிச்சவன் கெடையாது!"

பத்துமலை குனிந்து, தரையில் கிடந்த பழைய வயரை எடுத்தான்.

"எடுத்துர்றேன் சார். ஆனா அந்த எடத்துல இதத்தான் திரும்பப் போடணும். போடவா? நாளைக்குக் காலையில மறுபடியும் நாலு பேரக் கூப்பிடுங்க, தள்ள."

ஜெயபாலன் ஐயாவு பக்கம் திரும்பி முறைத்தார்.

"டேய்!" ஐயாவு கத்தினார். "போயி சார்கிட்ட மன்னிப்புக் கேளு. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராத."

பத்துமலை கையைத் துடைத்தான். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து நிதானமாகப் போட்டுக்கொண்டான். பிறகு ஜெயபாலனை நோக்கி நடந்தான். ஒருவழியாகப் பையன் பணிந்துவிட்டான் என்று ஐயாவு மூச்சுவிட்டார்.

ஜெயபாலன் ஓரடி பின்னால் போனார். பத்துமலை அவர் காதுக்கு மட்டும் எட்டும்படி குரலைத் தாழ்த்தினான்.

"மருந்து வாங்க மாசா மாசம் அங்க போறேன் சார். உங்க தம்பி ராமையா அந்த வாசல்லயேதான் காத்துக்கிட்டு நிக்கிறாரு. குணமாயிருச்சு, வீட்டுக்குப் போலாம்னு டாக்டர் சொல்லி அஞ்சு மாசமாச்சு. உங்க கார் நம்பர அவரு சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். கார் ரிப்பேரு, சரியானதும் வாரேன்னு லெட்டர் போட்டிருந்தீங்களாமே..."

அவன் டட்சனின் பானெட்டை மெல்ல மூடினான்.

"சரி பண்ணிட்டேன் சார். போயிக் கூட்டிட்டு வாங்க."