ஒட்டிய பக்கங்கள்

மகன் இறந்துபோன விபத்தில் அமலிக்குத் தலையில் அடிபட்டுச் சொற்களெல்லாம் மறந்துவிட்டன. மகனையும் மறந்திருந்தாள். அவனுடைய நீர்நாய்க் கதைப் புத்தகத்தைத்தான் கணவன் சூசை மாலைதோறும் அவளுக்கு வாசித்துக் காட்டினான். புரியாத சொல்லின்மேல் அவள் விரலை வைப்பாள். அவன் பொருள் சொல்வான். வளை, செதில், மதகு என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. குட்டி வலையில் சிக்கிச் சாகும் பக்கங்களை மட்டும் அவன் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவிட்டிருந்தான்.

இன்று அவளாகவே கேட்டாள். "குட்டி எங்க போச்சுங்க?"

"வெளையாடப் போயிருக்கும்மா."

ஒட்டிய பக்கங்களை அவள் தடவிப் பார்த்தாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திருப்பி, பென்சிலில் கோணலாக எழுதியிருந்த 'ஆரோன்' என்ற பெயர்மேல் விரலை வைத்து, பொருளுக்காகக் காத்திருந்தாள்.