டாக்டர் மனைவிகளுக்கு ஊர் சுற்றல்

மாநாட்டுக்கு வந்திருந்த எலும்பு டாக்டர்களின் மனைவிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது அந்தக் கைடு பெண்ணின் பொறுப்பு. பஸ் கிளம்பியதும் மைக்கைப் பிடித்தாள்.

"முதல்ல அரண்மனை, அடுத்து மியூசியம், சாயங்காலம் படகு."

முன் சீட்டில் மாவுக்கட்டுப் போட்ட கையோடு இருந்த பெண் கேட்டாள்.

"மியூசியத்துல எவ்வளவு நேரம் நிக்கும்?"

"ரெண்டு மணி நேரம் மேடம்."

"பக்கத்துலதானே ரயில்வே ஸ்டேஷன்?"

"ஆமா. ஆனா அங்க பார்க்க ஒண்ணுமே இல்ல."

அரண்மனையில் எல்லாரும் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். அந்தப் பெண் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மியூசிய வாசலில் அவள் இறங்கத் தடுமாற, கைடு கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்க மேடம். உங்க வீட்டுக்காரர் இன்னிக்கு மேடையில பேசற அளவுக்குப் பெரிய டாக்டர். கட்டுப் போட்டது அவர்தானே?"

"போட்டதும் அவர்தான். உடைச்சதும் அவர்தான்." அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "இது மூணாவது தடவை. அவர் பேசி முடிக்கறதுக்குள்ள நான் ரயில் ஏறியாகணும்."



இரண்டு மணி நேரம் கழித்து பஸ்ஸில் தலைகளை எண்ணியபோது ஒன்று குறைந்தது.

"எல்லாரும் வந்தாச்சாம்மா?" என்றார் டிரைவர்.

காலியாக இருந்த முன் சீட்டில் கைடு தானே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"வந்தாச்சு அண்ணே. வண்டிய எடுங்க."