மணி இல்லாத சைக்கிள்

"முடிவுரைதான் கட்டுரைக்கு வால். வால் இல்லாத பட்டம் பறந்து பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார் ஹேமநாதன்.

யாரும் பார்த்ததில்லை. மலேசியாவின் ரந்தாவ் ஊர்க் கடைவரிசையின் மாடியில், சனிக்கிழமைக் காலை வகுப்புக்கு வந்திருந்த இருபது பிள்ளைகளும் அதையும் எழுதிக்கொண்டார்கள். அவருக்குப் பின்னால் 'கட்டுரைச் செம்மல் ஹேமநாதன்' என்ற பதாகை, வெண்பலகையைவிட அகலமாகத் தொங்கியது.

முன்னுரை நான்கு வரி. பத்திக்கு ஒரு கருத்து, கருத்துக்கு ஒரு சான்று. முடிவுரை நான்கு வரி. இவ்வளவையும் விளக்கிவிட்டு, வழக்கம்போல் தம் புகழ்பெற்ற மாதிரிக் கட்டுரையான 'என் தந்தை'யை எடுத்தார். சுற்றுவட்டாரத் தோட்டப் பள்ளிகளில் அதை மனப்பாடம் செய்யாத பிள்ளை கிடையாது. போன ஆண்டுச் சோதனைத் தாள்களில் அறுபத்திரண்டு பேரின் அப்பா, ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிவிட்டு ஒரே சைக்கிளில் வீடு திரும்பினார். அந்த அப்பாக்களில் பாதிப் பேர் சிரம்பானில் லோரி ஓட்டுகிறவர்கள்.

'சைக்கிளில் மணி இல்லை. கோயில் வளைவில் அப்பா இருமுவார். அந்த இருமல் கேட்டதும் அம்மா கோப்பிக்குத் தண்ணீர் வைப்பார்...'

கடைசி வரிசையில் மகள் மோகனாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீலாவதி, கண்ணை மூடிக் கேட்டாள். பெற்றோர் ஒருநாள் வந்து பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு இது மூன்றாவது வாரம். கையுறைத் தொழிற்சாலையில் ஓவர்டைமை விட்டுவிட்டு வந்திருந்தாள். எனக்கே போரிங் லா, நீ ஏன்மா வர்ற என்று மோகனா கேட்டும் பார்த்துவிட்டாள்.

'ஆகவே, தந்தையரைப் போற்றுவோம்; அவர்தம் தியாகத்தை நெஞ்சில் ஏற்றுவோம்' என்று ஹேமநாதன் முடித்தார். நீலாவதி கண்ணைத் திறந்தாள்.

வகுப்பு கலைந்ததும் அவரிடம் போனாள். அந்த முடிவுரை மட்டும் ஒட்டாமல் நிற்கிறது, முதலில் வேறு ஏதாவது இருந்ததா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

ஹேமநாதனின் முகம் மலர்ந்தது. தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்த காலத்திலேயே உருவான கட்டுரை அது என்றார்.

"நல்லா கவனிச்சிருக்கீங்கம்மா. கடைசியா ஒரு பத்தி இருந்துச்சு. அப்பா காலையில சைக்கிள்ல ஏறும்போது ஏதோ பேசுற மாதிரி. கருத்தும் இல்ல, சான்றும் இல்ல. அடிச்சுட்டேன்."

"என்ன பேசினாரு சார்? ஒரு வரியாச்சும் ஞாபகம் இருக்கா?"

"முப்பது வருஷமாச்சு. அடிச்சத யாரும்மா ஞாபகம் வச்சிருப்பா?"

பழைய தாள் எங்காவது கிடக்குமா என்றாள். அலமாரியோடு கரையான் தின்றுவிட்டது என்றார். எதை வெட்டுவது என்று தெரிந்தவன்தான் எழுத்தாளன் என்றும் சொல்லி வைத்தார்.

நீலாவதி தலையாட்டினாள். படியிறங்கப் போனவள், நின்று திரும்பினாள்.

"என் கண்ணு முன்னாடியே சிவப்பு மையில அடிச்சீங்க சார், அது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அந்தப் பத்தியில பேசிட்டு சைக்கிள்ல வேலைக்குப் போன எங்கப்பா திரும்பி வரல. கடைசியா என்ன சொன்னாருன்னு மறந்துடக் கூடாதுன்னுதான் ஆறாம் வகுப்பு நோட்டுல எழுதி வச்சேன், நீங்க அதத் திருப்பிக் கொடுக்கவே இல்ல."