புத்தகம் வந்த பிறகு நின்ற கார்

“மாமா, திங்கட்கிழமை ஸ்கூல் திறக்குது. பாப்பாவை நீங்கதான் கார்ல கொண்டுபோய் விடணும். அதுக்குள்ள ரெடியாயிடுமா?” என்று மருமகள் மறுபடியும் வந்து கேட்டாள்.

“பண்ணிக்கிட்டுத்தானே இருக்கேன்! கார் கம்பெனியே போட்ட ரிப்பேர் புஸ்தகம்மா இது. அவசரப்பட்டா ஆகுமா?” பானெட்டுக்குள் தலையை நீட்டியிருந்த மாமனார் எரிந்து விழுந்தார்.

மகன் சிரித்தான். “நல்லா ஓடிட்டிருந்த வண்டிப்பா. நீங்க இந்தத் தலகாணிப் புஸ்தகத்தை வாங்கின பிறகுதான் படுத்துடுச்சு. பேசாம மெக்கானிக்கைக் கூப்பிடறேன்.”

“எவனாவது என் வண்டியில கை வச்சான், அப்புறம் நடக்கறதே வேற!”

“இவரை நம்பினா வேலைக்காகாது. பாப்பாவுக்கு ஸ்கூல் வேனே பேசிடலாம்” என்று மனைவியை அழைத்துக்கொண்டு மகன் உள்ளே போய்விட்டான்.

அவர் பக்கங்களைப் புரட்டினார், மூடினார், காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். டீயோடு வந்த அவர் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“ஏங்க இப்படித் தவிக்கிறீங்க? வேனுக்குச் சொல்லியாச்சு, வந்து உக்காருங்க.”

“நிஜமாவே சொல்லிட்டானா?”

“இப்பத்தான் போன்ல பேசினான்.”

அவர் அப்படியே படியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன ஃபியூஸ் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“இதைக் கழட்டினா வண்டி கிளம்பாது. எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் புஸ்தகமே வாங்கினேன்.”

“என்னங்க சொல்றீங்க?”

“அன்னைக்கு கேட் பக்கத்துல பாப்பா நின்னது என் கண்ணுக்குத் தெரியலடி. ‘தாத்தா’ன்னு அது கத்தின பிறகுதான் பிரேக்கை மிதிச்சேன்.”