டீக்கடை வாசலில் நின்ற கார்

"சாயங்காலம் கப்பல் கிளம்பிடும். அதுக்குள்ள யாங்கோன் மொத்தத்தையும் பார்த்தாகணும். சீக்கிரம் வா பவானி!"

ஷ்வேடகோன் பகோடாவின் கீழ்ப்படியில் நின்று சிவராஜ் சத்தம் போட்டார். சென்னைக்காரர். சிங்கப்பூரில் மனைவியோடு உல்லாசக் கப்பல் ஏறியவர், பினாங்கு, புக்கெட் என்று ஒரு துறைமுகம் விடாமல் இறங்கி ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மேலே பவானி கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் வலி.

"என்ன, வலிக்குதா? எங்கேயாவது உட்காரணுமா?" கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சேச்சே, இல்லைங்க. போலாம்."

காரோடு காத்திருந்தான் ஜேம்ஸ்; பர்மிய வழக்கப்படி 'கோ ஜேம்ஸ்', அதாவது ஜேம்ஸ் அண்ணன். யாங்கோனிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். டிரைவர், வழிகாட்டி எல்லாம் அவன்தான்.

"அடுத்தது எங்கேப்பா?"

"மார்க்கெட் சார். அப்புறம் த்வாண்டே. பானை செய்யற ஊர்."

"ஒண்ணு விட்டாலும் உன்னை விடமாட்டேன், ஆமா!"

மார்க்கெட்டிலும் அதே ஓட்டம். பவானி ஒரு கடையில் நின்று துணியைத் தொட்டுப் பார்ப்பதற்குள் அவர் நாலு கடை தள்ளிப் போயிருந்தார்.

த்வாண்டே போகிற வழியில், க்யிம்யிண்டைங் ஆற்றோரத்தில், கார் இரண்டு தரம் இருமியது. ஒரு டீக்கடை வாசலில் நின்றேவிட்டது.

ஜேம்ஸ் இடுப்பு லோஞ்ஜியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கிப் போய் பானட்டைத் திறந்தான். "சார்... கொஞ்சம் நேரமாகும்போல இருக்கு."

அவ்வளவுதான். சிவராஜ் ஆரம்பித்துவிட்டார்.

"அறிவிருக்காய்யா உனக்கு? ஓட்டை வண்டியை வெச்சுக்கிட்டு ஊரை ஏமாத்தறியா? இதுக்குத்தான் கடல் தாண்டி வந்தோமா?"

தெருவே திரும்பிப் பார்த்தது.

"விடுங்க, வேற டாக்சி பிடிச்சுக்கலாம்" என்றாள் பவானி.

"பிடிச்சா இவன் நிம்மதியாப் போயிடுவானே! நின்னு சரி பண்ணட்டும். நீ போய் அப்படி உட்காரு!"

பவானி நொண்டுவதைப் பார்த்து டீக்கடைக்காரி அம்சவேணி ஓடி வந்தாள். "வாங்கக்கா, தமிழா? அந்தக் குட்டி முக்காலி வேணாம், முட்டிக்கு ஆகாது." உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டாள். காலை நீட்டிக்கொள்ள முக்காலியையும் எதிரில் வைத்தாள்.

பால் வழியும் லபெயே டீ வந்தது. பின்னாலேயே ஆவி பறக்க மொஹிங்கா, மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்.

"ஐயோ, இதை நான் சென்னையில பீச் ஸ்டேஷன் பக்கத்துல பர்மாக் கடையில சாப்பிட்டிருக்கேனே!"

"அங்க சாப்பிட்டதும் இதுவும் ஒண்ணாக்கா? வாயில வெச்சுட்டுச் சொல்லுங்க."

வெளியே சிவராஜின் குரல் கேட்டுக்கொண்டேயிருந்தது. அம்சவேணி அவரை ஒரு முறை முறைத்தாள்.

"கோ ஜேம்ஸ் பாவம். எப்படிக்கா இந்த மனுஷனோட காலம் தள்றீங்க?"

"அவருக்கு ஊர் பார்க்கறதுன்னா உயிரும்மா. நான்தான் நொண்டிக்கிட்டு வந்து அவர் ஆசையைக் கெடுக்கறேன்."

அம்சவேணி தனாக்கா மரப்பட்டையைச் சந்தனம்போல இழைத்து வந்து பவானியின் கன்னத்தில் பூசினாள். கண்ணாடியில் பார்த்துப் பவானி சிரித்தாள். கப்பல் ஏறியதிலிருந்து அவள் அப்படிச் சிரிக்கவில்லை. அப்புறம் ஆற்றில் வாழைத்தார் ஏற்றிய படகுகள் போவதைப் பார்த்துக்கொண்டு, காலை நீட்டியபடி, ஊர்க்கதை பேசினாள். பேசிக்கொண்டே இருந்தாள்.

வெயில் சாயும்போது கார் உறுமியது.

"இப்ப கிளம்பி என்னத்துக்கு? நேரா கப்பலுக்கு விடு!" என்றார் சிவராஜ்.

துறைமுக வாசலில் பவானி ஜேம்ஸைப் பார்த்துக் கை கூப்பினாள். "அவர் பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க தம்பி. எனக்கு இன்னைக்குத்தான் ஒரு ஊரைப் பார்த்த மாதிரி இருந்தது."

"நீ முன்னால நட. இவனை நான் கவனிச்சுட்டு வரேன்" என்று உறுமினார் சிவராஜ்.

அவள் தள்ளிப் போகும்வரை விறைப்பாக நின்றார். பிறகு ஜேம்ஸின் தோளில் கை போட்டார்.

"நல்ல கடையாப் பார்த்து நிறுத்தினேப்பா! பினாங்குல நானே உட்காருன்னு சொன்னேன். 'என்னால உங்க டூர் கெட்டுச்சு'ன்னு விடிய விடிய அழுதா. இப்ப கெட்டது உன் வண்டியாலதானே?"

"நீங்க காலையில சொன்னபடியே நிறுத்திட்டேன் சார். அது சரி. ஆனா அதுக்கு இவ்வளவு திட்டா?"

"என்னப்பா பண்றது? திட்டாம இருந்திருந்தா அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும். என் குணம் அவளுக்குத் தெரியாதா!"