புழு பேசும் படம்

“இந்த வாரமாவது ஒரு குழி தோண்டினீங்களா, மாயண்ணே?”

ஜீப்பை விட்டு இறங்கியதும் இறங்காததுமாகக் குருநாதன் கேட்டார்.

“இல்லீங்களே ஐயா,” என்று மாயன் தலையைச் சொறிந்தார். அந்தச் சின்ன மலைக் குடியிருப்பில் அவர் வைத்ததுதான் சட்டம்.

“போன வாரம் மழைன்னீங்க. அதுக்கு முந்தி காப்பித் தோட்டத்துல பழம் பறிக்கிற சோலின்னீங்க. இப்ப என்ன?”

“மம்பட்டிக் காம்பு ஒடிஞ்சு போச்சுங்க.”

“ஊர்ல உள்ள எல்லா மம்பட்டியுமா?”

“ஒண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. அதைப் பக்கத்து ஊரு வடகவுஞ்சிக்காரங்க இரவல் வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

குருநாதனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. பாவம், ஆராய்ச்சி பண்ண வந்த மனுஷர். வெறுங்கால் வழியாக உடம்புக்குள் ஏறி ரத்தத்தைக் குடிக்கும் கொக்கிப்புழு இந்தப் பக்கம் ஏராளம். காட்டில் ஒதுங்குவதை விட்டுவிட்டுக் குழிக் கக்கூஸ் கட்டிக்கொண்டால் புழு ஒழியும். ஆனால் சனங்களை எப்படி மாற்றுவது? பேசினால் மாறுவார்களா, படம் காட்டினால் மாறுவார்களா? அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு ஜீப்பையும் சினிமா மெஷினையும் கொடுத்து மெட்ராஸிலிருந்து இவரை அனுப்பியிருந்தார்கள்.

சனிக்கிழமைதோறும் இருட்டத் தொடங்கியதும் படம். அது ஊமைப்படம். ஆகவே அதில் வரும் புருஷன், பெண்டாட்டி, டாக்டர் எல்லாருக்கும் குருநாதனே குரல் கொடுத்தார். புழுவுக்கும் அவரேதான். “வாப்பா ராசா, செருப்பில்லாமலா வர்றே? வா, வா, உனக்காகத்தான் காத்துக் கெடக்கேன்” என்று மூக்கால் பேசுவார். பாறைமேல் உட்கார்ந்திருக்கும் சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளும்.

முதல் நாளே அவர் நயமாகச் சொல்லியும் பார்த்தார். “வீட்டுக்கு வீடு குழி வந்துட்டா உங்களுக்கு என் தொல்லையே இருக்காது. மெஷினைத் தூக்கிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிடுவேன்.”

சொல்லி ஒரு வருஷம் ஓடிவிட்டது. சிரிப்பு வந்தது, குழி வரவில்லை.

மரியாதைக்கு மட்டும் குறைவில்லை. ஜீப் கீழ்வளைவில் திரும்பும்போதே யாராவது கொம்பு ஊதிவிடுவார்கள். தன்னை வரவேற்கத்தான் ஊதுகிறார்கள் என்று குருநாதனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை.

அந்தப் பெருமையெல்லாம் நேற்றோடு போயிற்று.

“நேத்து கொடைக்கானல்ல பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார், மாயண்ணே. ‘புழு குறைஞ்சிருக்கு, பிள்ளைங்க தெம்பா ஓடுது. அது நாம குடுத்த மாத்திரை செஞ்ச வேலை. உன் பேச்சும் படமும் என்னய்யா செஞ்சுது? ஊருக்குள்ள ஒரு குழியையாவது காட்டு, பார்ப்போம்’னார். இன்னிக்குக் காட்டலேன்னா ஆராய்ச்சியை இழுத்து மூடிடுவாங்க.”

“அப்ப உங்க பாடு?” மாயனின் மனைவி ஒய்யம்மாள் கேட்டாள்.

“என் பாடு என்ன? பழனி அடிவாரத்துல எங்க அப்பா பஞ்சாமிர்தக் கடை வச்சிருக்கார். ‘இந்தக் கக்கூஸ் வேலை உனக்கு எதுக்குடா’ன்னு அன்னிக்கே தலைதலையா அடிச்சுக்கிட்டார். போய்ப் பழம் பிசைய வேண்டியதுதான்.”

சொல்லிவிட்டு ஒரு நப்பாசையில் வீடுகளுக்குப் பின்பக்கம் நடந்தார். எங்கு பார்த்தாலும் முள் குவியல்.

“அங்கிட்டுப் போகாதீங்க ஐயா. காட்டுப்பன்னிக்கு வச்ச முள்ளு, கால்ல ஏறிரும்,” என்று மாயன் வழக்கம்போல் மறித்துக்கொண்டார்.

குருநாதனுக்கு வெறுத்துவிட்டது. “வேலுச்சாமி, மெஷினை இறக்காதே. வண்டியைத் திருப்பு,” என்று டிரைவரிடம் சொன்னார்.

பாறைமேல் இடம் பிடித்து உட்கார்ந்திருந்த கூட்டம் எழுந்து நின்றது.

“இன்னிக்குப் படம் இல்லீங்களா?” என்றாள் ஒய்யம்மாள்.

“இன்னிக்கு மட்டுமில்லம்மா, இனிமே எப்பவும் இல்லை. குழி இல்லாத ஊருக்கு ஜீப் கிடையாதுன்னுட்டாங்க.”

ஒய்யம்மாள் புருஷனைப் பார்த்தாள். மாயன் தரையைப் பார்த்தார்.

“இன்னும் என்ன யோசனை? எல்லாம் உங்களால வந்த வினை. வெரசா முள்ளை எடுக்கச் சொல்லுங்க,” என்றாள் அவள்.

ஆளுக்கொரு கவைக்கம்போடு நாலைந்து பேர் ஓடினார்கள். முள் குவியல்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஆழமான குழி, கால் வைத்துத் தேய்ந்த பலகை, இறுக்கமான மூடி, பக்கத்தில் சாம்பல் சட்டி. ஒரு வீடு பாக்கியில்லை.

குருநாதன் ஜீப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எப்ப தோண்டினீங்க?”

“ரெண்டாவது தடவை படம் பார்த்த மறுநாளே வெள்ளனே ஆரம்பிச்சுட்டோம்,” என்றார் மாயன். “அந்தப் புழு பேசுறதக் கேட்டப்புறம் காட்டுக்குள்ள ஒதுங்க யாருக்குங்க தைரியம் வரும்? கொம்புச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் முள்ளைப் போட்டு மூடிருவோம்.”

“அடப்பாவிகளா, ஏன் மூடணும்?”

ஒய்யம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“குழி வந்துட்டா அடுத்த ஊருக்குப் போயிருவேன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்தப் புழுவை இன்னொரு ஊருக்கு விட்டுக்குடுக்க எங்களுக்கு மனசு வரலீங்க ஐயா.”