கடைசி பெஞ்சு

"முரளி, அந்த மனுஷன் இன்னும் இங்கதான் இருக்கார். வாங்க, போயிடலாம்."

செகந்திராபாத் தமிழ்ச் சபையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டபடி கணவனின் காதில் கிசுகிசுத்தாள் ஜெஸ்ஸி.

"எந்த மனுஷன்?"

"அதோ, பெஞ்சு பெஞ்சா ஆட்களை எழுப்பி அனுப்பறாரே, வெள்ளை முழுக்கை சட்டை. ஞானசிகாமணி. அவர்தான் என் பேரை வாசிச்சார்."

முரளிக்குப் புரிந்தது. இந்துவான அவனை ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள் என்று, ஜெஸ்ஸியை, அப்பமும் திராட்சை ரசமும் வாங்குகிற திருவிருந்திலிருந்து விலக்கி வைத்தது சபைக் கமிட்டி. அந்தத் தீர்மானத்தை ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று வாசித்தவர் செயலாளர் ஞானசிகாமணி. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்தவர். அந்தக் குரலுக்கு மைக்கே தேவைப்படவில்லை.

அன்றைக்கு வெளியே போனவள்தான். அம்மாவின் அடக்க ஆராதனைக்குக்கூட கேட்டுக்கு வெளியே நின்று அழுதுவிட்டுப் போனாள். நாளாக ஆக ஜெபம் பண்ணவும் பயம் வந்துவிட்டது. விலக்கி வைத்தது கமிட்டியா, கடவுளேதானா என்று அவளுக்கே குழம்பிப்போனது.

"புது பாஸ்டர்தான் வரச் சொல்லிட்டாரே. அப்புறம் கைக்கு டென்ஷன்?" என்றான் முரளி. செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவன், 'எதுக்கு' என்பதற்கு அந்த ஊர் இந்தியில் 'கைக்கு' என்றுதான் பேசுவான்.

"கமிட்டிகிட்ட பேசறேன்னார், பேசினாரோ என்னமோ! இங்க இவர் வச்சதுதான் சட்டம். எல்லார் முன்னாடியும் 'நீ எதுக்கு வந்தே'ன்னு கேட்டுட்டார்னா, இனி நான் இந்தப் பக்கமே வரமாட்டேன். கடவுள் பக்கமும்தான்."

ஒவ்வொரு பெஞ்சாக எழுந்து போய், ஆல்ட்டர் முன் முழங்கால் போட்டு, அப்பமும் ரசமும் வாங்கித் திரும்பியது. ஞானசிகாமணி நெருங்கி வந்துகொண்டே இருந்தார்.

கடைசி பெஞ்சு. அவர் கை காட்ட, ஜெஸ்ஸிக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் எழுந்து போனார்கள். அவளும் எழுந்தாள்.

கை குறுக்கே நீண்டது.

"நீ இரு, பிள்ள."

முன் பெஞ்சுகளில் தலைகள் திரும்பின. ஒரு அம்மா பக்கத்து அம்மாவை முழங்கையால் இடித்தாள். இந்த மாதிரி சமயத்தில் மட்டும், ஜெபத்தில் இருக்கிறவர்களுக்கும் கண் தானாகத் திறந்துகொள்ளும்.

முரளி விருட்டென்று எழுந்தான். "சார், பாஸ்டரே அவளை..."

"நீங்க உக்காருங்க தம்பி."

ஓடிவிடலாம் என்று பார்த்தாள், கால் நகரவில்லை. போன பெண்கள் திரும்பி வரும்வரை, அத்தனை கண்களுக்கும் நடுவில் அப்படியே நின்றாள். ஆல்ட்டர் முன் இப்போது யாருமில்லை. பாஸ்டர் கிண்ணத்தை மூடுகிற துணியைக் கையில் எடுத்தார்.

அவ்வளவுதான், கடவுளுக்கும் என்னைப் பிடிக்கவில்லை. ஜெஸ்ஸி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க!" அதே ஃபோர்மேன் குரல். "இன்னும் ரெண்டு பேர் இருக்கோம்."

ஜெஸ்ஸி கண்ணைத் திறந்தாள். ரெண்டு பேரா?

"வா பிள்ள. எனக்கு முட்டிவலி, தனியா முழங்கால் போட வராது. கொஞ்சம் பிடிச்சுக்க."

அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் புரியாமல் நடந்தாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள்.

அப்பத் தட்டோடு வந்த பாஸ்டர் திகைத்து நின்றார்.

"ஞானசிகாமணி ஐயா, நீங்களா! நான் எப்பக் கூப்பிட்டாலும், 'ஒரு ஆள் வரணும், வந்தப்புறம் வாங்கிக்கறேன்'னு சொல்வீங்களே. வந்தாச்சா?"

"வந்துட்டா ஐயா." ஜெஸ்ஸி பக்கம் கை காட்டினார். "இவ பேரை வாசிச்ச அன்னைக்குப் பெறவு நானும் வாங்கல. வெளிய அனுப்புன பிள்ள உள்ள வராம, எனக்கு மட்டும் தொண்டைல எப்படி இறங்கும்?"